ரிலீஸ் ஆன மறுநாள்

(குடி, போதை, ஜெயில் பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த வாரம் இடம். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டோம். ஊர் மட்டும் இருக்கிறது.)

கே: கஞ்சா கேஸில் எட்டு மாதம் புழலில் இருந்துவிட்டு என் மகன் பெயிலில் வந்திருக்கிறான். முதலில் எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம்?
– ஒரு தாய், நெமிலிச்சேரி

ப: ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போங்கள் அம்மா. மாதக்கணக்கில் ரீசார்ஜ் பண்ணாத சிம் செத்திருக்கும். அந்த நம்பர் இந்நேரம் வேறு யார் பாக்கெட்டிலாவது அடித்துக்கொண்டிருக்கலாம். ஆதாரிலும் பேங்க்கிலும் இருப்பது அதே நம்பர். ஓடிபி வராதவனுக்கு இந்தக் காலத்தில் சம்பளமும் வராது. விரல்ரேகை வைத்துப் புது நம்பரை ஏற்றிவிட்டு வாருங்கள். சாமி அதுவரை காத்திருக்கும், கம்பெனி ஹெச்.ஆர். காத்திருக்க மாட்டார்.

கே: தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குக் கண்டிஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை இருக்கிறது. இரண்டும் எப்படி நடக்கும்?
– பட்டாபிராம்

ப: நடக்காது. ஆறு மணி ஷிப்டுக்குப் போனவனைப் பத்தரை மணிக்கு எந்த சூப்பர்வைசரும் வெளியே விட மாட்டார். ஆனால் கண்டிஷன் கல்வெட்டு இல்லை தம்பி. வேலை தருவதாகக் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி, வக்கீல் மூலம் கண்டிஷனைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடுங்கள். ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு வந்தவர்களுக்குத் தளர்த்துவது கோர்ட்டில் சகஜம். உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு நாள்கூட டிமிக்கி வேண்டாம். வேலைக்குப் போனதால் பெயில் ரத்து என்றால் வீட்டில் அழுவதா சிரிப்பதா?

கே: ஜெயிலில் ஆறு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. வீட்டில் இன்னும் சிகிச்சை, சிகிச்சை என்கிறார்களே?
– ஆவடி

ப: கடையே இல்லாத இடத்தில் விரதம் இருந்திருக்கிறீர்கள். பாராட்டுகள். பரீட்சை இப்போதுதான், பகல் 12 முதல் இரவு 10 வரை, டாஸ்மாக் திறந்திருக்கும் நேரம் முழுக்க. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி ஏற்றிக்கொண்டிருந்த தம்பிகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழக்கத்தை மறந்துவிடும். கை பழைய அளவை மறக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதை மிஞ்சிச் சாகும் ஆபத்து அவர்களுக்கு மற்றவர்களைவிட 129 மடங்கு. அதனால் வரவேற்பு பார்ட்டிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். பார்ட்டியே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

கே: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து குடியை நிறுத்தும் மருந்து என்று கரண்ட் கம்பத்தில் விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?
– திருநின்றவூர்

ப: கம்பத்தை நம்பலாம், கரண்ட் இருக்கிறது. விளம்பரத்தை நம்பாதீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்று முறையான மாத்திரையே ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம். அதனால்தான் டாக்டர்கள் அதை நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கித் தருகிறார்கள். இன்னொன்று: பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, புத்தி பேதலிப்பு வரலாம். வைராக்கியத்தை ஆஸ்பத்திரி கட்டிலில் காட்டச் சொல்லுங்கள்.

கே: நல்ல மறுவாழ்வு மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– பூந்தமல்லி

ப: நாலு கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா? டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார்? குடும்பம் நேரில் பார்க்கலாமா? வெளியே போன் பேச விடுவீர்களா? “மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது” என்று பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நள்ளிரவில் வேனில் நாலு பேர் வந்து தூக்கிப்போவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. காசில்லாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025-இல் அரசு ‘கலங்கரை’ என்று 25 மையங்களையும் தொடங்கியது. எங்கே போவது என்று குழம்பினால் 14446-க்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை.

கே: பையில் ஒரு பொட்டலம்தான் இருந்தது. அதற்கும் ஜெயிலா?
– பட்டாபிராம் கல்லூரி மாணவர்

ப: கஞ்சாவில் ஒரு கிலோ வரைக்கும் சட்டத்தின் பாஷையில் ‘சிறிய அளவு’. அதற்கே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அதே 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு தூங்கிக்கொண்டிருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் ஓடிவந்தால் விலக்கும் ஓடிவிடும். உங்கள் வக்கீலைத் தட்டுங்கள், அவர் பிரிவைத் தட்டி எழுப்புவார்.

கே: தண்டனை முடிந்துவிட்டது. துபாய் வேலைக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?
– ஆவடி

ப: ஒழுக்கக்கேடான குற்றம், இரண்டு வருடத்துக்குக் குறையாத தண்டனை, தீர்ப்பு வந்து ஐந்து வருடம் ஆகவில்லை: மூன்றும் சேர்ந்தால் மறுக்கலாம். வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் கோர்ட் அனுமதி வேண்டும். எதையும் மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். துபாய்க்குப் போட்ட விண்ணப்பம் புழலுக்குப் போய்ச் சேரும்.

கே: பழைய கூட்டாளிகள் சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறார்கள். ஊரைக் காலி செய்துவிடலாமா?
– நெமிலிச்சேரி

ப: புது வீட்டுக்கு அட்வான்ஸ் யார் தருவார்? ஊரை மாற்ற முடியாதவன் ஸ்டேஷனை மாற்றலாம். பட்டாபிராமில் இறங்குங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்டேஷன் தள்ளித் திருநின்றவூரில் இறங்கி பஸ் பிடியுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கே: ஜெயிலுக்குப் போனவனை நம்பிக் கல்லாவில் உட்கார வைக்க முடியுமா?
– ஒரு கடைக்காரர், அம்பத்தூர்

ப: அரசாங்கமே உட்கார வைத்திருக்கிறது சார். சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் பெட்ரோல் பங்குகளில் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதும் காசு வாங்குவதும் கைதிகள்தான். 2023-இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் வந்தது. தண்டனை அனுபவிக்கும்போது நம்பலாம், முடித்துவிட்டு வந்தால் நம்பக்கூடாதா? இது என்ன கணக்கு?

கே: ஜெயிலுக்குப் போய்வந்து நிமிர்ந்தவர் யாராவது உண்டா?
– திருவேற்காடு

ப: வ.உ.சி. அவர் செய்தது குற்றமில்லை, தேசத்தொண்டு. ஆனால் 1912-இல் விடுதலையானதும் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும் அதே மரியாதைதான்: வக்கீல் சன்னத்து பறிபோய், கையில் தொழில் இல்லை. பல வருடம் கழித்து அதை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றியில் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. கப்பலே விட்டவருக்கும் மறுபடி தொழில் செய்ய ஒருவர் கையெழுத்து தேவைப்பட்டது.

கே: குடித்தது அவர். கவுன்சிலிங்குக்கு நான் எதற்கு?
– ஒரு மனைவி, திருநின்றவூர்

ப: நியாயமான கோபம். ஆனால் அவர் பொய்யை நம்பி நம்பி, பிறகு எதையுமே நம்பாமல் போனது நீங்கள்தானே? சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-இல் சென்னையில் அவர் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்துக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. மன்னிக்கச் சொல்லித்தர அல்ல. எப்போது பணம் கொடுக்கக்கூடாது, எப்போது அவருக்காகப் பொய் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொள்ள. போய்வாருங்கள். அவர் திருந்தாவிட்டாலும் உங்களுக்குத் தூக்கம் வரும்.

கே: இவ்வளவு பேசுகிறீரே, உம் மகளை இப்படி ஒருவனுக்குக் கட்டிக்கொடுப்பீரா?
– அதே அம்பத்தூர் கடைக்காரர்

ப: அதை என் மகள் முடிவு செய்வாள், நான் பத்திரிகைதான் அடிப்பேன். உங்களிடம் யாரும் சம்பந்தம் பேச வரவில்லையே சார்? கடையில் ஒரு வேலைதான் கேட்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், சரிப்படாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பலாம். கல்யாணத்தில் அந்த வசதி இருக்கிறதா?