உயரமானி மாமா

மணாலியிலிருந்து லே போகிற எந்த டெம்போ டிராவலரிலும் ஒரு மாமா இருப்பார். நங்கநல்லூரோ, ஆர்.எஸ்.புரமோ, மதுரை டி.வி.எஸ். நகரோ, ஊர் எதுவாகவும் இருக்கலாம். குரங்குக் குல்லாயும் டிரைவர் பக்கத்து சீட்டும் மாறாது. அந்த சீட்டு முழங்கால் வலியைச் சொல்லி வாங்கியது. அதே முழங்கால்தான் ஒவ்வொரு கணவாயிலும் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கும்.

நாங்கள் போன வேனுக்கு வாய்த்தவர் நங்கநல்லூர். மணிக்கட்டில் உயரம் காட்டும் கடிகாரம், செல்போனில் அதே வேலைக்கு ஒரு செயலி. இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எது அதிகமோ அதை அறிவிப்பார். மாமி பின் சீட்டில், கைக்குட்டையில் கற்பூரத்தை முடிந்து மூக்கருகே வைத்துக்கொண்டு, ஜிஸ்பாவில் வண்டி கிளம்பும்போதே கண்ணை மூடிவிட்டார். முப்பது வருடத் தாம்பத்தியம் தந்த பயிற்சி.

முதல் நாளே மாமாவுக்கு ஒரு மனக்குறை. 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை ஒன்பது கிலோமீட்டர் நீளம். 13,050 அடி ரோத்தங் கணவாயை ஏறாமலே, அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாம். முன்பெல்லாம் பனி விழுந்தால் லாஹுல்காரர்கள் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தார்கள். அவர்களுக்கு இது பெரிய வரம். மாமாவுக்கோ மூவாயிரம் அடி நஷ்டம். "காசு குடுத்து வந்திருக்கோம், மேல அழைச்சுண்டு போகப்படாதோ?" என்று இரவுச் சாப்பாடு வரை புலம்பினார்.

மறுநாள் விடியுமுன் ஜிஸ்பாவிலிருந்து கிளம்பினோம். தார்ச்சா தாண்டியதும் மரம் என்ற வஸ்து உலகத்திலிருந்தே விடைபெற்றுக்கொண்டது. ஜூன் தொடக்கம். பாரலாச்சா கணவாயை நெருங்க நெருங்க, புல்டோசர் வெட்டிவிட்ட பனிச்சுவர் இரண்டு பக்கமும் எழுந்து, சில இடங்களில் வேனை விட உயரமாக நின்றது. வெயில் பட்ட இடத்தில் அதற்குள் ஒரு நீலம் தெரிந்தது. வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

"பதினாறாயிரம்!" என்றார் மாமா.

"மாமா, கொஞ்சம் பனியைப் பாக்க விடுங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கெஞ்சினாள்.

"நன்னாப் பாரும்மா, யார் வேண்டாம்னா? எத்தனை அடியில பாக்கறோம்னு தெரிஞ்சுண்டு பாக்கணும், அவ்வளவுதான்."

இந்த வகையினருக்கு வைத்தியமும் கைவந்த கலை. உயரம் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று முந்தின நாளிலிருந்தே எல்லாரையும் டயமாக்ஸ் மாத்திரை போட வைத்திருந்தார். நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கவேண்டும் என்றும் கட்டளை. டயமாக்ஸ் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. மேலே நாலு லிட்டர் தண்ணீர். வெளியே ஒதுங்க ஒரு புதர் கூட இல்லாத பூமி. பெண்கள் சால்வையைத் திரையாகப் பிடித்து முறை வைத்துக்கொண்டார்கள். அந்தத் திரைகளுக்குப் பின்னாலிருந்து மாமாவைப் பற்றி வந்த அபிப்பிராயங்களை இங்கே எழுத முடியாது.

சர்ச்சு கூடாரக் கடையில் மேகியும் டீயும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே கொதித்துவிடும், அரிசி வேகாது என்று கடைக்கார அம்மாளுக்குத் தம் இந்தியில் பாடம் எடுத்தார். வருஷா வருஷம் கோடை முழுக்க அங்கேயே உலை வைக்கும் அந்த அம்மாள், "ஹான் ஜி, ஹான் ஜி" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மாமா முடிக்குமுன் உள்ளே குக்கர் விசிலடித்தது.

அடுத்து காட்டா லூப்ஸ். இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் பாதிப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெய்வத்தைக் கூப்பிட, மாமா அலட்சியமாகத் திரும்பினார்: "நம்ம கொல்லிமலையில எழுபது. இது எந்த மூலைக்கு?" ஒரு வளைவில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடந்தன. பனியில் சிக்கித் தாகத்தோடு செத்துப்போன லாரிக் கிளீனரின் ஆவிக்கு வழிப்போக்கர்கள் வைத்துவிட்டுப் போவது அது என்று டிரைவர் சொன்னான். பேய்க்கதை கேட்ட கலக்கத்தில் வண்டியே உறைந்திருக்க, மாமா ஒருவர் முகத்தில்தான் தெளிவு. "பாத்தேளா! இந்த உயரத்துல பேய்க்கே தாகம் எடுக்கறது. தண்ணி குடிங்கோ, தண்ணி!"

பாங்கில் அவர் பையிலிருந்து கொரோனா காலத்து ஆக்சிமீட்டர் வெளியே வந்தது. அதன் பிறகு நடந்தது அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி வகுப்பில் வாசிப்பது போலத்தான் இருந்தது. "எண்பத்து நாலு, பரவாயில்லை. எழுபத்தெட்டு... ஐடி கம்பெனிதானே? உக்காந்தே இருந்தா இப்படித்தான்." குளிரில் விரைத்த விரலில் அந்தக் கருவி கண்டபடி காட்டும். அதை யாராவது எடுத்துச் சொன்னால், மார்க் குறைந்தவன் பேச்சை யார் கேட்பார்கள்?

நியாயப்படி இப்படிப்பட்டவர்தான் முதலில் தலைசுற்றி விழ வேண்டும். கதைகளில் விழுவார். எங்கள் மாமா விழவில்லை. மோரே சமவெளி தாண்டி, 17,480 அடியில் தங்லங் லா கணவாய் வந்தபோது எங்களுக்கெல்லாம் தலைக்குள் யாரோ உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் இறங்கிப்போய், எல்லைச் சாலைகள் நிறுவனத்தின் மஞ்சள் பலகையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பலகையில் 17,582. "நூறு அடி கள்ளக்கணக்கு! கர்துங் லாவுல இன்னும் மோசம். பலகையில 18,380னு போட்டிருந்தான், நிஜத்துல எண்ணூறு அடி கம்மி. கேக்க ஆளில்லே." சொல்லிவிட்டு அந்தக் கள்ளக்கணக்குப் பலகையைக் கட்டிப்பிடித்து நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் நின்றபடியே புளியோதரை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாதை விளையாட்டில்லை. விளிம்பில் டயர், கீழே என்றோ உருண்ட லாரியின் எலும்புக்கூடு, மூச்சு முட்டுகிற காற்று. பயப்பட எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் நாள் முழுக்க எங்கள் மனத்தில் ஓடியதெல்லாம், 'இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரா' என்பதுதான். எரிச்சல் வந்து உட்கார்ந்த இடத்தில் பயத்துக்கு சீட்டு கிடைக்கவில்லை. டூர் கம்பெனிக்காரர்கள் டிக்கெட் விலையில் இவருக்கும் சேர்த்தே வாங்குகிறார்களோ என்னவோ.

உப்ஷியில் சிந்து நதி வந்து சேர்ந்துகொண்டது. பின்னால் யாரோ பாரதியார் பாட்டை ஆரம்பித்தார்கள். மாமா வாடிய முகத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார். இறங்க ஆரம்பித்ததிலிருந்தே அவருக்கு சுரத்தில்லை.

லே ஓட்டலில் வரவேற்பறைப் பையன் "ஜூலே" சொல்லி, மூன்றாவது மாடி சாவியை நீட்டினான். மாமா பளிச்சென்று கை நீட்டினார். நாள் பூராவும் கண் திறவாத மாமி அப்போதுதான் வாய் திறந்தார்:

"கிரவுண்ட் ஃப்ளோர் குடுப்பா. இவரை மாடிக்கு அனுப்பினா அந்த முப்பது அடியையும் ஊருக்கு வந்து சொல்லிண்டிருப்பார்."