பென்ஷன் கேப்டன்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது 65-க்கு மேல். அரைக்கால் சட்டை, வெயிலில் வெளுத்த தொப்பி, படகின் பெயரை அச்சடித்த பனியன், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத டீசல் கறுப்பு படிந்த நகங்கள். ஆயுள் முழுக்கக் கப்பலில் கழித்தவர் என்று ஏமாந்துவிடாதீர்கள். ரிட்டயர் ஆகும்வரை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். வீட்டை விற்று நாற்பதடி டீசல் படகு ஒன்றை வாங்கினார், அதிலேயே குடியேறினார், அன்றே கேப்டன் ஆகிவிட்டார்.

மனைவிக்கு அதைவிடப் பெரிய பதவி, அட்மிரல். படகுக்காரர்கள் எல்லாருமே மனைவியை அப்படித்தான் சொல்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்வதாக வெளியில் பேச்சு. எங்கே நங்கூரம் போடுவது, எப்போது கிளம்புவது என்று முடிவு செய்பவர் யார் என்பதைப் பார்த்தால் வேடிக்கையாகத் தெரியவில்லை.

"இங்கே கடிகாரம் கிடையாது, காலண்டர் கிடையாது" என்பார் கேப்டன், காலண்டரைப் பார்த்துக்கொண்டே. அவர் கிளம்பியிருப்பது 'கிரேட் லூப்' என்கிற பெரிய சுற்றுக்கு. ஃபுளோரிடாவிலிருந்து கரையோர நீர்வழியாக நியூயார்க், ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பெரிய ஏரிகள், சிகாகோ. அங்கிருந்து ஆறு மாற்றி ஆறு இறங்கி மொபைல் என்கிற ஊர், மறுபடி ஃபுளோரிடா. ஏறத்தாழ 6,000 மைல், ஒரு வருஷப் பயணம். ஜூன் 1-ஆம் தேதி புயல் பருவம் தொடங்குகிறது. அதற்குள் வடக்கே போய்ச் சேராவிட்டால் படகுக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது. இந்த மாதிரி நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் போட்டு முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர்தான் நம் கேப்டன். பனிக்காலத்தில் ஈரி கால்வாயை மூடிவிடுவார்கள். இலையுதிர்காலக் காற்று வலுக்குமுன் மிச்சிகன் ஏரியைத் தாண்டியாக வேண்டும். அவசரம் இவ்வளவு, வேகமோ மணிக்கு எட்டு மைல். கால்வாய்க் கரையில் சைக்கிளில் போகும் பையன் கையாட்டிவிட்டு முந்திப் போவான்.

விடிந்ததும் கேப்டன் ஹாலில் கம்பளத்தைச் சுருட்டுவார், தரைப் பலகையைத் தூக்குவார், உள்ளே எஞ்சின் இருக்கும் குழிக்குள் இறங்குவார். அப்புறம் தரையிலிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்க்கும். அளவுகோலை இழுத்து, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து எண்ணெய் மட்டம் பார்ப்பார். பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார். கடல்நீர் வடிகட்டியிலிருந்து பாசியும் இரண்டு இறாலும் எடுப்பார்.

"ஹனி, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு."

"எந்தப் பக்கம்?"

"நான் பார்க்கிற பக்கம்."

"நீ எங்கே பார்க்கிறாய் என்று தெரிய எனக்கும் ஒரு டார்ச் வேண்டும்."

துறையில் படகைக் கட்டும்போது இந்தப் பேச்சு ஊருக்கே கேட்கும். அதனால்தான் இருவரும் காதில் ஒயர்லெஸ் ஹெட்செட் மாட்டிக்கொள்கிறார்கள். படகு உலகில் அதன் செல்லப் பெயர் 'கல்யாணக் காப்பான்'. சண்டை நின்றபாடில்லை, அக்கம்பக்கத்துக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணிக்குத் துறைமேடையில் கூட்டம். அவரவர் மது அவரவர் கையில். கொறிக்க ஆளுக்கொரு தட்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் நங்கூரத்தில் வந்து நிற்கும். எந்த நங்கூரம் சேற்றில் பிடிக்கும், எது மணலில் இழுபடும் என்று ஆரம்பித்தால் சைவ வைணவ வாதம் தோற்றுவிடும். ஊர் வர்ணனையும் உண்டு.

"சவானா எப்படி?"

"அற்புதமான ஊர்! ஜெனரேட்டர் பம்ப் அங்கேதான் போயிற்று."

"சார்ல்ஸ்டன்?"

"அதைவிட அழகு. பம்ப்புக்கு ரப்பர் சக்கரம் அங்கே கிடைத்தது."

பெரிய சுற்றைச் சுற்றுகிறவர்கள் படகில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் பொன்னிறக் கொடி. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சுற்றியவருக்குப் பிளாட்டினம். கேப்டன் பொன்னிறக் கொடியை ஏற்றிய கையோடு, இருவரும் கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்குப் போனார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது. கழிப்பறைத் தொட்டி நிரம்பிவிட்டதா என்று யாரும் கவலைப்படவில்லை. கேப்டனுக்கு முகம் வாடிவிட்டது. முதல் நாள் சும்மா இருந்து பார்த்தார். இரண்டாம் நாள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாய் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். மூன்றாம் நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் கூடம் முழுக்கப் பாகம் பாகமாகக் கிடந்தது.

மகளே இருவரையும் காரில் ஏற்றிப் படகுத்துறையில் கொண்டுவந்து விட்டாள். "அப்பா, அடுத்த தடவை வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். எதையாவது நாங்களே உடைத்து வைக்கிறோம்."