பொறத்தால வழி இருக்குது கண்ணு

ஹம்பிக்கா கெளம்பிட்டே? விருபாட்சரைக் கும்புடப் போறியாக்கும்னு நெனச்சேன். இல்லையாமா! ஆத்துக்கு அக்கட்ட, ஆனெகுந்திப் பக்கம் கெடக்கற குண்டுக்கல்லு மேல ஏறப் போறியாமா. போல்டரிங்குனு பேரு. நாங்க ஆடு ஓட்டிட்டுப் போறப்ப தெனமும்தான் ஏறுனோம். பேரு வெக்கோணும்னு ஒருத்தனுக்கும் தோணாமப் போச்சே!

சரி, எந்தப் பக்கம் ஏறுவே? கல்லுக்குப் பொறத்தால, கெழவி கூட ஏறிப்போடற சரிவு இருக்கும். அதுல ஏற மாட்டே. முன்னாடி மொட்டையா, வெளிய தள்ளிட்டு நிக்கற பக்கம்தான் உனக்கு வேணும். ஏறி முடிச்சப்பறம் எறங்கறது எப்படி? அந்தப் பொறத்தால வழியிலதான்!

அதுலயும் நின்னுட்டு ஏறுனா மதிப்பில்ல. குண்டி மண்ணுல பதிய உக்காந்து அங்கிருந்து கெளம்போணும். கைக்கு எட்டற பிடிய, எட்டாத மாதிரி உக்காந்து பாக்கறது. பாதியில காலு கீழ விரிச்ச மெத்தையில உரசிட்டா அந்த ஏத்தமே செல்லாது. எந்தக் கோர்ட்டுல கண்ணு செல்லாது? நீயே போலீசு, நீயே ஜட்ஜு.

கஷ்டத்துக்கு நம்பரு வேற. அமெரிக்காவுல ஜான் கில்னு ஒருத்தரு, பின்னால கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1950கள்லயே பி1, பி2, பி3ன்னு மூணே தரம் வெச்சாரு. ஒரே ஒருத்தன் ஏறுனது பி3. ரெண்டாவது ஆளு ஏறிட்டா அது எறங்கிரும். விவரமான மனுசன்! கையில பூசறியே வெள்ளைப் பொடி, அதைக் கல்லுக்குக் கொண்டாந்ததும் அவருதான். அப்பறம் டெக்சாஸ் ஹூயெக்கோ டாங்ஸ்ல ஜான் ஷெர்மன் வந்து வி0, வி1ன்னு ஆரம்பிச்சாரு. இதுக்கு மேல் வரம்பே கெடையாது. ஏறி ஏறி வி17ஐயும் தொட்டுப்போச்சு. அந்த வி17க்காகப் பின்லாந்துல நல்லே ஹுக்கதைவல்ங்கறவரு ஒரே கல்லைக் கட்டிட்டு வருசக்கணக்காப் போராடி, 2016ல ஏறுனாரு. பிடி எத்தனைங்கறே? வெரல் விட்டு எண்ணிப்போடலாம். 2023ல வில் போசி ரெண்டாவதா ஏறுனாரு, அந்தக் கல்லாட்டவே ஒரு நகல் செஞ்சு அதுல பழகிட்டுப் போயி. கில் கணக்குப்படி அன்னைக்கே அது தரம் எறங்கியிருக்கோணும்!

உங்க கூட்டத்துல மட்டும் என்ன நடக்கும்? ஏறுனவன் இது அஞ்சுதான்னு சாதிப்பான். ஏற மாட்டாதவன் ஏழுக்குக் கொறையாதும்பான். ரெண்டு பேருக்கும் நடுவுல கல்லு பேசாமக் கெடக்கும். தரையை விட்டுக் காலை எடுக்காதவன் கீழ நின்னு, "இடுப்பைத் திருப்பு, எடது காலை ஏத்து"ன்னு கத்துவான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு.

அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்லி வெச்சாங்க. நெசந்தான். ஆனா நீ விழுந்த சூட்டுலயே மறுபடி தாவுனா நகரறது கல்லு இல்ல, உன்ற வெரலுத் தோலு. அது உரிஞ்சா மிச்ச நாளெல்லாம் பிளாஸ்திரி சுத்திட்டு வேடிக்கைதான் பாக்கோணும். விழுந்தா உக்காரு. மூச்சு ஆறட்டும். எந்தப் பிடியில நழுவுனேன்னு ரோசனை பண்ணு. உச்சி வெயில்ல கருங்கல்லு கொதிக்கும், வேர்வையில வெரலு வழுக்கும். பழகுனவன் வெடியால போவான், பொழுதெறங்கப் போவான், நடுப்பகல்ல தூங்குவான். நீயி ஒம்பது மணிக்கு எந்திரிச்சு, தோசை தின்னு, போட்டோ புடிச்சு, பன்னெண்டு மணிக்குக் கல்லைத் தொட்டுப்போட்டு, "பிரிக்சன் சரியில்ல"ம்பே. கல்லு மேல என்ன கண்ணு தப்பு?

அங்கங்க கல்லுல வரிசையாத் துளை தெரியும். அந்தக் காலத்துல கல்லுடைக்கறவன் ஆப்பு எறக்கறதுக்கு வெட்டுனது. நீ தொங்கறதுக்குனு நெனச்சுக்காதே. கோயிலு மண்டபம் பக்கம் கையே வெக்காதே. 1986லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிப்போச்சு. வாச்சுமேன்கிட்ட வி நம்பரெல்லாம் எடுபடாது.

முதுகுல கட்டிட்டுப் போற மெத்தையை மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். கல்லுக்கு நடுவுல சந்து இருந்தா ரெண்டு மெத்தை போடு. விழறப்ப முதுகைத் தாங்கித் திருப்பிவிட ஒருத்தனை நிறுத்து, போனைப் பாக்காதவனா. ஹோஸ்பேட்டைல பஸ் ஏறுனா கண்டக்டரு அந்த மெத்தைக்கும் டிக்கெட் கேப்பான். "சார், இது விழறதுக்கு"ன்னு வெளக்கம் சொல்லிட்டு நிக்காதே. காசைக் குடுத்துப்போட்டு உக்காரு.