நாற்றுக்குப் பத்து வருஷம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடி அறை. ஜன்னல்களைக் கறுப்புத் தாள் மூடியிருக்கிறது. உள்ளே ஊதா நிற எல்.இ.டி. வெளிச்சம், சின்ன மின்விசிறி, ஐந்து தொட்டிகள், ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஒரு கஞ்சா நாற்று. மருமகன் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்ப்பவன். மாமா நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அவர் பேரில் இருக்கிறது. இரண்டு பேரும் கற்பனை. அவர்கள் வாயில் வரும் சட்டப்பிரிவுகள் கற்பனை அல்ல, சிலது அப்படித் தோன்றினாலும்.

மருமகன்: கதவை மெதுவா சாத்துங்க மாமா, ஈரப்பதம் மாறிடும். இந்தப் பருவம்தான் ரொம்ப நுணுக்கம். தண்ணி ஜாஸ்தியானா நாற்றழுகல் வந்து அடித்தண்டே கருத்துடும். வெளிச்சம் கம்மியானா நெடுநெடுன்னு இழுத்துக்கிட்டுப் போய் சாஞ்சிடும். அதான் தினமும் நோட்டுல எழுதி வைக்கிறேன்: எவ்வளவு தண்ணி, எத்தனை டிகிரி சூடு, எந்தத் தொட்டியில எத்தனை இலை.

மாமா: நோட்டு வேறயா? பேரு போட்டிருக்கியா?

மருமகன்: முதல் பக்கத்துலயே.

மாமா: தேதியோட கையெழுத்தும் போட்டுடு மாப்ள, அரசுத் தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். உத்தரப் பிரதேசத்துல அலக் ராம்னு ஒருத்தர் வழக்கு. நிலத்துல கஞ்சாச் செடி இருந்ததுன்னு புடிச்சாங்க, கீழ்க்கோர்ட்டு தண்டிச்சுது. உச்ச நீதிமன்றம் விடுவிச்சிடுச்சு. செடி இருந்தா போதாது, அவர்தான் பயிர் பண்ணினாருங்கறதுக்குச் சாட்சி வேணும், விதை விழுந்தா அது பாட்டுக்கு முளைக்கிற செடி இதுன்னு சொல்லிடுச்சு. அதாவது கவனிக்காம விட்டவன் தப்பிச்சான். நீ கவனிக்கற. லைட்டு, ஃபேனு, அளவு பார்த்துத் தண்ணி, அதுக்கு மேல கைப்பட எழுதின வரலாறு. எவ்வளவு நல்லா வளர்க்கறியோ அவ்வளவு நல்லா மாட்டுவ.

மருமகன்: நானும் சட்டம் படிச்சிட்டுதான் ஆரம்பிச்சேன் மாமா. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், இரண்டாவது பிரிவு. கஞ்சான்னா செடியோட பூக்கிற, காய்க்கிற நுனி. நுனி கூட இல்லாத விதையும் இலையும் அதுல சேராது. இந்தத் தொட்டியைப் பாருங்க. பூ எங்க இருக்கு? இருக்கிறதெல்லாம் இலை.

மாமா: பாதிப் பக்கம் படிச்சிருக்க, புரட்டு. எட்டாவது பிரிவு, எந்தக் கஞ்சாச் செடியும் பயிர் பண்ணக் கூடாதுங்குது. பூத்த செடின்னு சொல்லல, வயசு சொல்லல, எண்ணிக்கை சொல்லல. இருபதாவது பிரிவுல அதுக்குத் தண்டனை: பத்து வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். இப்ப நீ சொன்னதையும் சேர்த்துப் பாரு. விதை கஞ்சா இல்ல. 2021-லேர்ந்து உணவுப் பொருளாவே விக்கலாம்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. தனியா பறிச்ச இலை, அதுவும் கஞ்சா இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல, விதையில காலும் இலையில தலையுமா நிக்குது பாரு உன் நாற்று, அதுக்குத்தான் பத்து வருஷம்.

மருமகன்: ஒரு கிலோவுக்குள்ள கஞ்சா வெச்சிருந்தா ஒரு வருஷம்தானே?

மாமா: ஆமா. ஒரு கிலோவுக்குக் கீழன்னா ‘சிறிய அளவு’. ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல பத்தாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இருபது கிலோவுக்கு மேலன்னா ‘வணிக அளவு’, பத்து வருஷத்துல ஆரம்பிச்சு இருபது வரைக்கும் போகும். நடுவுல மாட்டினா பத்து வருஷம் வரைக்கும். கணக்கு போடு. பத்தொம்பது கிலோவை ஆட்டோவுல ஏத்தினவனுக்கும், விரல் நீள நாற்றுக்குக் காத்து வீசின உனக்கும் உச்சவரம்பு ஒண்ணுதான். காஞ்ச சரக்கைத் தராசுல வெச்சு மூணு தரமாப் பிரிச்சவங்க, பச்சைச் செடி பக்கம் வந்ததும் தராசை மூட்டை கட்டிட்டாங்க.

இந்த இடத்தில் மாமாவின் பக்கம் ஒரு ஆதாரத்தையும் சேர்க்க வேண்டும். 1985-இல் சட்டம் வந்தபோது இருபதாவது பிரிவில் கஞ்சா வைத்திருந்தாலும் செடி வளர்த்தாலும் ஒரே அளவுகோல்: ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். பதினாறு ஆண்டுகள் கழித்து, சிறு குற்றவாளிகளும் போதைக்கு அடிமையானவர்களும் பெரிய கடத்தல்காரர்களுக்குச் சமமாகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்பதைச் சரிசெய்யவே 2001-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நியாயமான நோக்கம்தான். அந்தத் திருத்தம்தான் பொட்டலத்துக்குச் சிறிது, நடுத்தரம், வணிகம் என்று படிகள் கட்டியது. செடிக்குப் படி கட்டவில்லை, ஐந்தைப் பத்தாக்கியது மட்டும்தான். சின்னக் குற்றத்தையும் பெரிய குற்றத்தையும் பிரித்துப் பார்க்கப் புறப்பட்ட திருத்தம், பிரிக்க முடியாத ஒரு குற்றத்தைத் தானே உண்டாக்கிவிட்டது. தண்டனை கூடுமா குறையுமா என்பது வேறு விவாதம். எண்ணத் தெரிந்த சட்டம் ஏன் ஓரிடத்தில் மட்டும் எண்ணாமல் நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

மருமகன்: ‘வரைக்கும்’னுதானே மாமா இருக்கு? குறைஞ்சபட்சம்னு எதுவும் இல்லையே. அஞ்சு நாற்றுக்கு எந்த ஜட்ஜ் பத்து வருஷம் குடுப்பார்?

மாமா: குடுக்க மாட்டார்னே வெச்சுக்குவோம். முப்பத்தேழாவது பிரிவுல இருக்கற கடுமையான ஜாமீன் நிபந்தனையும் உனக்கு வராது, அது வணிக அளவுக்கும் வேற சில குற்றத்துக்கும்தான். ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ எங்க உட்காருவ? மூணு வருஷத்துக்கு மேல தண்டனை வரக்கூடிய குற்றம் எல்லாம் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். மூணு வருஷத்துக்கு உட்பட்டதைச் சுருக்க விசாரணையிலேயே முடிக்கலாம். ஒரு கிலோக்காரன் கேஸு சுருக்கமா முடியறப்போ, உன் அஞ்சு நாற்றும் பெரிய வியாபாரிங்களோட ஒரே வராண்டாவுல வாய்தாவுக்கு நிக்கும். இன்னொண்ணு. அறுபத்து நாலு ஏ பிரிவுல ஒரு இரக்கம் இருக்கு: போதைக்கு அடிமையானவர் தானா முன்வந்து சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்கிலேர்ந்து விலக்கு. யாருக்கு? உபயோகிச்சவருக்கும், சிறிய அளவுல மாட்டினவருக்கும். செடிக்குச் சிறிய அளவே கிடையாது. அதனால கடைத்தெருவுல வாங்கிக் குடிச்சவனுக்கு ஆஸ்பத்திரி, வாங்காம வளர்த்தவனுக்கு சிறப்பு நீதிமன்றம்.

மருமகன்: நீங்க இப்ப என் கட்சியா, போலீஸ் கட்சியா?

மாமா: வீட்டுப் பத்திரம் என் பேர்ல இருக்கு. அந்தக் கட்சி.

மருமகன்: என்ன இருந்தாலும் இது பிரெஞ்சு ஊர் மாமா. ஒயிட் டவுன்ல ரெண்டு தெரு நடந்து பாருங்க, ஒரு சுதந்திரக் காத்து…

மாமா: அந்தக் காத்து 1962 ஆகஸ்ட் 16 அன்னிக்கே சட்டப்படி இந்தியக் காத்து ஆயிடுச்சு. சரி, உனக்காக பிரெஞ்சு சட்டத்தையே திருப்பிக் கொண்டாருவோம். அங்க குடிச்சு மாட்டினா 2020-லேர்ந்து அந்த இடத்துலயே 200 யூரோ அபராதத்தோட முடிச்சுக்கலாம். உற்பத்தி பண்ணினா? தண்டனைச் சட்டத்துல இருபது வருஷம் வரைக்கும், 75 லட்சம் யூரோ வரைக்கும். அஞ்சு தொட்டிக்கு அவ்வளவு யாரும் குடுக்கறதில்ல, ஆனா ஏட்டுல இருக்கு. வேணும்னா கான்சுலேட் வாசல்ல போய் சுதந்திரம் கேளு.

மருமகன்: அரசாங்கமே சாராயக்கடையை ஏலம் விடற ஊருல, சனிக்கிழமையானா தமிழ்நாடே வந்து வரிசையில நிக்கற ஊருல, ஒரு செடிக்கு…

மாமா: அது வரவுக் கணக்கு, இது செலவுக் கணக்கு, ரெண்டு பேரேடும் வேற அலமாரி. அந்த வாதத்தை விட்டுடு, அதுல பலமில்ல. ஒரு கெடுதலை அனுமதிச்சாங்கன்னு அடுத்ததையும் அனுமதிக்கணுமா என்ன? சின்ன வயசுல தொடர்ந்து கஞ்சா புகைச்சா மூளை வளர்ச்சிக்கும் மனநலத்துக்கும் கேடுன்னு டாக்டருங்க சொல்றது பொய்யில்ல. ஆனா அந்தக் கேடு புகைக்கறதுல இருக்கு. புகைக்கறதுக்குச் சட்டம் வெச்சது ஆறு மாசம் வரைக்கும், இல்ல பத்தாயிரம் வரைக்கும் அபராதம். அப்ப நாற்றுக்குப் பத்து வருஷம் எந்தக் கேட்டுக்கு?

மருமகன்: நானே சட்டத்துக்காகப் பேசறேன், கேளுங்க. செடி பெருகும். இன்னிக்கு அஞ்சு, நாளைக்கு அம்பது. 2024 நவம்பர்ல கிரேட்டர் நொய்டாவுல ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள்ள எண்பதுக்கு மேல தொட்டி பிடிச்சாங்களே? ஆரம்பத்துலயே கிள்ளணும்னுதானே கடுமையா வெச்சிருக்காங்க?

மாமா: இப்பதான் உருப்படியா ஒண்ணு கேட்ட. வளர்க்கறவன் உற்பத்தியாளன், வேரை வெட்டணும். சரி. எண்பது தொட்டி வெச்சவனைப் பிடிச்சுப் பத்து வருஷம்னு சொல்லு, நான் வாயத் திறக்கல. ஆனா எண்பதுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாத பிரிவு, எண்பது வெச்சவனுக்குத்தான் சலுகை பண்ணுது. அஞ்சுக்கும் அதே பிரிவுன்னா அவன் ஏன் அஞ்சோட நிக்கணும்? ஜெர்மனியில 2024 ஏப்ரல்லேர்ந்து வயசு வந்தவருக்கு மூணு செடி, கனடாவுல பொதுவா வீட்டுக்கு நாலு, உருகுவேல ஆறு. அந்த எண்ணிக்கை சரியா தப்பான்னு நான் வாதாட வரல. தாய்லாந்து 2022-ல கதவைத் திறந்து விட்டுட்டு 2025-ல மருந்துச் சீட்டு கேட்டு மூடிக்கிட்டுது, அந்தக் கூத்தும் தெரியும். நான் சொல்றது ஒண்ணுதான்: செடியை எண்ண முடியும். எண்ண முடிஞ்சா தரம் பிரிக்க முடியும். தடையை வெச்சுக்கிட்டே தரம் பிரிக்கலாம், அனுமதி குடுக்க வேண்டியதில்ல.

மருமகன்: அப்ப, நாற்றுக்குள்ள வருங்காலக் கஞ்சா இருக்குங்கறதுதான் அவங்க கணக்கா?

மாமா: அந்த வருங்காலத்தையும் பார்த்துடுவோம். இந்தச் செடியில ஆண் தனி, பெண் தனி. சாதா விதையைப் போட்டா சுமாரா பாதி ஆண். ஆண் செடியில சரக்கு கிடையாது. அதைவிட மோசம், அது பெண் செடிக்கு மகரந்தம் குடுத்துட்டா பூவெல்லாம் விதையாப் போயிடும். வங்காளத்துல நவ்காவ்னு ஒரு இடம், வெள்ளைக்காரன் காலத்துல அரசாங்க உரிமத்தோட கஞ்சா விளைஞ்ச பூமி. அங்க ஆண் செடியைக் கண்டுபிடிச்சுப் பிடுங்கறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க, அவங்களை ‘கஞ்சா டாக்டர்’னு சொல்லுவாங்க. 1893-94-ல ஆயிரத்துக்கு மேல சாட்சிகளை விசாரிச்ச இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் அறிக்கையில அதெல்லாம் விவரமா இருக்கு. உன் அஞ்சுல எது ஆணுன்னு உனக்குத் தெரியாது, இந்த வயசுல கண்ணால பார்த்து யாருக்கும் தெரியாது. பெருசா போதை தராத ஆண் நாற்றுக்கும் அதே பத்து வருஷம். வருங்காலத்தைத் தண்டிக்கறதுன்னா ஜோசியமாவது சரியா இருக்க வேணாமா?

மருமகன்: இவ்வளவு பேசறீங்களே, அப்ப விட்டுடலாமே மாமா. நீங்களே சட்டம் தப்புங்கறீங்க.

மாமா: கோணலா இருந்தாலும் அமல்ல இருக்கற சட்டம் மாப்ள. அதை நிமிர்த்தற இடம் பாராளுமன்றம், என் மாடி ரூம் இல்ல. நாற்பத்தாறாவது பிரிவு இருக்கு: நிலத்துக்காரன் தன் இடத்துல கஞ்சாச் செடி இருக்கறது தெரிஞ்சா உடனே தகவல் குடுக்கணும், தெரிஞ்சே சொல்லாம விட்டா அவனும் குற்றவாளி. இருபத்தஞ்சாவது பிரிவு, தெரிஞ்சே வீட்டைக் குடுத்தவனையும் சேர்த்துக்குது. உன் நாற்றழுகலுக்கு நான் ஓய்வூதியத்தைப் பணயம் வைக்க முடியாது. இந்த ரூம்ல நான் இன்னிக்குக் கண்ணாடி போடாமதான் நுழைஞ்சேன், எனக்குக் கிட்டப்பார்வை மோசம்னு ஆஸ்பத்திரிச் சீட்டே இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடியோட வருவேன். அப்ப இந்தத் தொட்டியில கத்தரி நாற்று இருக்கணும்.

மருமகன்: அப்ப லைட்டு?

மாமா: லைட்டு இருக்கட்டும். கரண்ட் பில்லை மட்டும் நாளைக்கே உன் பேருக்கு மாத்திக்கோ.