சும்மா ஒரு இருநூறு கிலோமீட்டர்

எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதிக்க ஒரு பாதை உண்டென்றால் அது ஏரிக்கரைதான். சித்தூர் ஜில்லா பாறையும் குன்றுமாக ஏறி இறங்கும் பூமி. பாகாலா பக்கம் போனவர்கள் மிதித்த தூரத்தைவிட இறங்கித் தள்ளிய தூரத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். ஏரிக்கரைக்கு அந்த வம்பு கிடையாது. உள்ளே தண்ணீர் மட்டமாக நிற்பதால் கரையின் தலையும் மட்டமாகத்தான் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தாலும் ஏரி அந்த வழியே எழுந்து போய்விடும். வயலுக்காக ஊரார் காபந்து பண்ணி வைத்த மட்டத்தில் நாங்கள் ஓசியில் சைக்கிள் விட்டோம். ஒரு முனையில் தள்ளி ஏற்ற வேண்டும், கலங்கல் வந்தால் தோளில் தூக்கித் தாண்ட வேண்டும். நடுவில் எல்லாம் ராஜபாட்டை.

அழகு என்று யாரும் சொன்னதில்லை. ஒரு கையில் ஏரி, மறு கையில் நெல். ஆனால் கண் மட்டும் முன்சக்கரத்துக்கு இரண்டடி முன்னால்தான் இருக்கும், கருவேல முள் எங்கே கிடக்கிறது என்று. முள் ஏறினால் வாடகைக் கடைக்காரருக்குப் பதில் சொல்லவேண்டும். அந்தக் கடையில் சைக்கிள் எடுப்பதே பெரும்பாடு. "யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டு, அப்பா பெயரை நோட்டில் எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டு தருவார். திருப்பிக் கொண்டுபோனால் முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு விரலால் சுழற்றிவிட்டு, பக்கத்தில் குனிந்து காதைக் கொடுப்பார். ரிம் பிரேக் கட்டையில் உரசும் சத்தம் வந்தால் போச்சு. டியூபைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுவதற்குள் நமக்கு நாலு வார்த்தையும் ஒட்டிவிடுவார்.

ஹெல்மெட் எல்லாம் கிடையாது. எங்களுக்குப் புத்தூர் இருந்தது. விழுந்து எலும்பு பிசகினால் நேரே புத்தூர். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் தப்பை, மேலே துணி. கட்டுப் போட்டவன் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் ராஜா.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். காரணமில்லாமல் யாரும் சைக்கிளை எடுத்ததில்லை. பால், மண்ணெண்ணெய், தவிடு, வெல்லம், சாவுச் செய்தி, ஏதோ ஒன்று. போகும்போது கேரியரில் ஒன்று இருக்கும், வரும்போது வேறொன்று இருக்கும். என் அக்காவும் அந்தக் கேரியரில்தான் போனாள் வந்தாள். சீட்டில் உட்கார அவளுக்கு உத்தரவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த அக்காவின் மகள் இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறுகளில் சைக்கிள் விடுகிறாள். அவள் வண்டியில் கேரியர் கிடையாது. மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, செயின் கவர் கிடையாது. பெல்லைத் தனியாக வாங்க வேண்டுமாம். எங்கள் நாளில் இத்தனையும் கழன்றுபோன வண்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இவள் கொடுத்த காசுக்குப் பழைய கார் ஒன்று வந்திருக்கும்.

"மாமா, திருப்பதியிலிருந்து சூளூர்பேட்டை. ஆத்தோரமா போய், ஏரியோரமா முடியுது. ஃபுல்லா ஃபிளாட்" என்று போனில் படம் காட்டினாள். திருச்சானூர், ரேணிகுண்டா, ஏர்ப்பேடு, காளத்தி, நாயுடுபேட்டை, அப்புறம் பழவேற்காடு ஏரி. போய் வந்தால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பிரான்ஸ்காரர்கள் ஏற்படுத்திய 'பிரெவே' என்ற நெடும்பயணத்தில் இந்த 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பழக்கமாம். முடித்தால் மெடல் உண்டா என்றேன். உண்டு, ஆனால் அதற்குத் தனியாகக் காசு கட்டவேண்டும் என்றாள்.

படத்தில் அவள் பாதைக்குப் பக்கத்திலேயே நீலமாக ஒரு கோடு கூடவே வந்தது. அதுதான் பொன்முகலி, தெலுங்கில் சுவர்ணமுகி. கண்ணப்பர் வாயில் நீர் மொண்டுபோய்க் காளத்தியப்பருக்கு அபிஷேகம் செய்த ஆறு. இன்று பெரும்பாலான மாதங்களில் கண்ணப்பரும் அக்கா மகளைப் போலப் பாட்டில் வாங்கித்தான் ஆகவேண்டும். எங்கள் நாளிலும் ஆறு முக்கால்வாசி மணல்தான். ஆனால் மணலாவது இருந்தது. குறுக்கே போனால் சக்கரம் பாதி புதையும், ஹாண்டில்பாரை ஒருவர் இழுக்க, சீட்டை ஒருவர் தள்ள வேண்டும். அந்த மணலைத் திட்டாத வாய் கிடையாது. திட்டியது பலித்துவிட்டது. பெங்களூருக்கும் சென்னைக்கும் மாடி மாடியாக எழும்பப் போய்விட்டது மணல். 2017 ஏப்ரலில், மணல் கொள்ளையைப் பற்றி முறையிட ஏர்ப்பேடு காவல் நிலையத்துக்கு வந்து வாசலில் கூடியிருந்த கிராமத்து ஜனங்கள் மீது லாரி ஒன்று பாய்ந்தது. பலர் அங்கேயே இறந்தார்கள். அவள் போனில் அந்த இடத்தில் 'டீ பிரேக்' என்று குறியிட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

காளத்தி வந்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அடையாளம் ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பியது. சமவெளியில் தொலைவிலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருப்போம், அது கிட்டவே வராது. 2010 மே மாதம் ஓர் இரவில் அது சரிந்து விழுந்தது. புதிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு ஆயிற்று. ஆனால் இப்போது வருகிறவர்கள் யாரும் நிமிர்ந்து கோபுரம் தேடுவதில்லை. ஹாண்டில்பாரில் கட்டிய சின்னப் பெட்டி இன்னும் எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுகிறது.

'ஃபுல்லா ஃபிளாட்' என்பதிலும் ஒரு சூது உண்டு. திருப்பதி கடல் மட்டத்துக்கு நூற்றைம்பது மீட்டர் சொச்சம் மேலே இருக்கிறது. சூளூர்பேட்டை கிட்டத்தட்ட கடல் மட்டம். போகும்போது பூமியே கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிவிடும், மிதிப்பவர் தன் காலைப் பாராட்டிக்கொள்வார். திரும்பும்போதுதான் வட்டியோடு கட்டவேண்டும்.

தண்ணீர் எங்கள் பக்கம் வராமலே போய்விட்டதா என்றால், வரும். 2021 நவம்பரில் வந்தது. திருப்பதித் தெருக்களில் கார்கள் மிதந்தன. ராமச்சந்திராபுரம் பக்கத்து ராயல செருவில் கரை கசிகிறது என்று கீழேயிருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏரிகளை மேடாக்கி வீடு கட்டி, ஓடைகளை ரோடாக்கிய இடங்களுக்குள்தான் தண்ணீர் முதலில் போனது. அந்தச் சாலைகளும் சைக்கிளுக்கு அருமையான சாலைகள். மட்டமாக இருக்கும். ஏரிப் படுகை வேறெப்படி இருக்கும்?

கடைசியில் பழவேற்காடு. எங்கள் ஜில்லாவுக்குக் கடலும் கிடையாது, கடலோர ஏரியும் கிடையாது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனபோது நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டையும் நாயுடுபேட்டையும் வந்து சேர்ந்தன. காலையில் எழுந்து பார்த்தால் பெருமாளுக்குக் கடற்கரை. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை நடுவே பிளந்துகொண்டு போகிறதே ஒரு சாலை, அதில் மேடும் இல்லை, மரமும் இல்லை. குளிர்காலத்தில் இரு புறமும் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாக விட்டு நிற்கும். சாலை முடியும் இடத்தில் ராக்கெட் தளம். தும்பாவில் ராக்கெட் பாகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பழைய போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இன்று கேரியர் இல்லாத சைக்கிளில் ராக்கெட் தளத்தின் வாசல் வரை போய், காவலர் கையைக் காட்டியதும் திரும்பி வருவதற்கு விடுமுறை நாளில் நாலு மணிக்கே எழுந்திருக்கிறார்கள்.

அக்கா மகள் போய் வந்தாள். எதிர்க்காற்றில் தொடை பிடித்துக்கொண்டு, சாயங்காலம் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள், வாசலில் சாய்த்திருந்த வண்டியையும் பார்த்தாள்.

"சூளூர்பேட்டை வரைக்கும் போனவ, ரெண்டு கிலோ இறால் வாங்கியாந்திருக்கக் கூடாதாடி?"

"எங்கேம்மா வைக்கிறது?"