டெல்டாவின் பனிப்பருவம்

மார்கழியிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் தஞ்சைச் சமவெளிக்கு இயற்கை மறுத்துவிட்ட கடுங்குளிரை, பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடங்கள் சித்திரை வெயிலிலும் 18 டிகிரியில் வழங்கிவருவது போற்றத்தக்கது. நட்சத்திர முத்திரை பெறும் அறைக் குளிர்சாதனங்களின் இயல்பளவு, அதாவது முடுக்கியவுடன் கருவி தானே மேற்கொள்ளும் அளவு, 24 டிகிரியாக இருக்க வேண்டுமென ஒன்றிய அரசு 2020 ஜனவரி முதல் விதித்ததும், ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சுமென எரிசக்தித் திறன் பணியகம் கணக்கிட்டதும் உண்மையே. ஆயினும் அக்கணக்கைத் திரையிட்டு விளக்குவதற்கே 18 டிகிரிக் கூடம் தேவைப்படுகிறது என்பதைத் தில்லி உணரவில்லை.

குளிர்காலப் பாதுகாப்பிலும் குறையில்லை. சிறப்பு விருந்தினருக்குத் தொடக்கத்திலேயே பொன்னாடை போர்த்தப்படுகிறது, துணைவேந்தருக்கு இரண்டு, ஆய்வு மாணவர்கள் கைதட்டி வெப்பம் பெறுகின்றனர். நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் உப்பை நடைபாதைகளில் தூவிப் பனிவழுக்கலைத் தடுக்கும் மேலைநாட்டு முறையையும் இங்குத் தொடங்கலாம். வேதாரணியத்து உப்பளங்கள் எட்டும் தொலைவில்தான் உள்ளன.

மின்தடை நேரும்போது மட்டும் வளாகத்தின் மின்செலவு சுழியாகிவிடுவதால், மின்சேமிப்பு குறித்த அமர்வு, டீசல் மின்னாக்கி முழங்கத் தொடங்கும்வரை ஒத்திவைக்கப்படுகிறது.