கரண்ட் டவர்களின் காலக் கணிப்பு: ஒரு முன்னோட்ட ஆய்வு

தென்னிந்தியக் கோயில்களின் வயதைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1914இல் ஒரு வழி சொன்னார். கல்வெட்டு இல்லையா, கவலை வேண்டாம். தூணின் தலையில் உள்ள போதிகையைப் பாருங்கள். அலை அலையாக மடிந்திருந்தால் பல்லவர், சாய்வாக வெட்டி நடுவே துருத்தினால் சோழர், பூ தொங்கினால் விஜயநகரம். அன்றிலிருந்து நம் ஆய்வாளர்கள் அண்ணாந்து பார்த்தே கழுத்துச் சுளுக்கிக்கொள்கிறார்கள். அதே கோயிலுக்கு வெளியே, வயலின் நடுவில் நிற்கும் கரண்ட் டவரைப் பார்த்து ‘இது எந்தக் காலத்தது?’ என்று கேட்க மட்டும் ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த எளிய முயற்சி.

முதலில் வம்சாவளி. ஆதி வம்சம் பைக்காரா. 1932இல் நீலகிரியின் சிங்காராவில் உற்பத்தியான மின்சாரம் 66 கிலோவோல்ட் (கே.வி.) கம்பி வழியே மலையிறங்கி கோயம்புத்தூரின் மில்களை ஓடவைத்தது. 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. 110 கே.வி. நாடெங்கும் பரவியது. அறுபதுகளில் நீலகிரியின் குந்தா மின்நிலையத்தோடு 230 கே.வி. எழுந்தது, எண்பதுகளுக்குப் பிறகு 400. கடைசியாகச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு வந்த 800 கே.வி. நேர்மின்னோட்டப் பாதை. இது வடக்கிலிருந்து வந்த படையெடுப்பு என்பதில் கொங்கு நாட்டில் இரண்டாவது கருத்து இல்லை.

ஒரு டவர் எந்த வம்சம் என்று அறிய, நமக்குப் போதிகையாக உதவுவது பீங்கான். குறுக்குக் கையிலிருந்து தொங்கும் சரத்தில் எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். ஐந்து அளவில் இருந்தால் 66; ஏழெட்டு என்றால் 110; பதினான்கை ஒட்டினால் 230; இருபதைத் தாண்டினால் 400. பஸ் ஜன்னலிலிருந்து எண்ணுபவர்கள் ஆறுக்கு மேல் எண்ணி முடிப்பதில்லை. தமிழகத்தில் 66 கே.வி. இன்னும் ஏராளமாக இருப்பதாகச் சிலர் நம்புவதற்கு இதுவே காரணம். பழுப்பு நிறப் பீங்கான் பழையது, சாம்பல் நிற ரப்பர் போன்ற நீளத்தண்டு புதியது என்பதும் பொது விதி. ஆனால் பழைய டவரில் புதிய தண்டை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. சோழர் கருவறைக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டுகிற திருப்பணிக் கமிட்டியை நினைத்து ஆய்வாளர் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

டவரின் காலில் மண்டையோட்டுப் படத்தோடு ஒரு அபாயப் பலகை இருக்கும். எத்தனை வோல்ட் என்று அதிலேயே எழுதியிருக்கும். உண்மையான ஆய்வாளர் அதைப் படிக்கக் கூடாது. படித்தால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும்.

சரம் செங்குத்தாகத் தொங்காமல் இருபக்கமும் படுக்கையாக இழுபட்டிருந்தால், அது வேறு வம்சம் என்று மாணவர்கள் அவசரப்படுகிறார்கள். வம்சம் அதேதான், வேலைதான் வேறு. பாதை திரும்பும் மூலையில் இழுவையைத் தாங்கும் டவர் அது. அதனால்தான் காலை அகட்டி, உடல் தடித்து நிற்கிறது.

யாளி இல்லாத மண்டபம் உண்டா? டவருக்கும் உண்டு விலங்குகள். ஆனால் அவை கம்பியில் குடியிருக்கின்றன. அலுமினியத்தை எஃகு இழைமேல் முறுக்கிய கம்பிகளுக்குப் பருமன் ஏற ஏற ஸ்குவிரல், வீசல், ராபிட், டாக், உல்ஃப், பாந்தர், ஜீப்ரா, மூஸ் என்று பெயர். அணிலில் தொடங்கி மூஸ் மானில் முடியும் இந்த வரிசையில் ஜீப்ராவுக்குச் சற்றுக் கீழே ‘குந்தா’ என்று ஒரு கம்பி வருகிறது. இத்தனை மிருகங்களுக்கு நடுவே நீலகிரிக்காரர் ஒருவர் நுழைந்துவிட்டது இத்துறையின் ஒரே தேசிய சாதனை.

கல்வெட்டுச் சான்று தேவைப்படுவோர் டவரை விட்டுவிட்டுப் பழைய ஊர்களின் தண்டவாளக் கம்பங்களுக்குப் போகலாம். ரயில்வே கழித்துப்போட்ட தண்டவாளத்தை நிமிர்த்தி நட்டு, கம்பி கட்டிய காலம் அது. பெயின்ட்டைச் சுரண்டினால், இடுப்புப் பகுதியில் தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்து நிற்கும். கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. அந்த ஆண்டு ரயில் ஓடிய இரும்புக்கு உரியது, விளக்கு எரிந்த கம்பத்துக்கு உரியதல்ல. இடிந்த கோயிலின் கல்லைக் கொண்டுவந்து குளத்துப் படிக்கட்டில் பதித்தால், எழுத்தை வைத்துப் படிக்கட்டுக்கு வயது சொல்ல முடியுமா?

கட்டியவர் பெயரிலும் சிக்கல்தான். தஞ்சைப் பெரிய கோயில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டில் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1928இல் டவரின் அழகைச் சரிபார்க்க சர் ரெஜினால்ட் புளோம்ஃபீல்டு என்ற கட்டடக்கலை நிபுணரையே அமர்த்தினார்கள். நம் டவரின் காலில் பொறித்திருப்பது வரிசை எண் மட்டுமே. அதற்குக் கீழே சுண்ணாம்பில் எழுதிய இதயமும் அம்பும் பிற்காலச் சேர்க்கை.

இனி மாற்றுத் தரப்பு. நிலத்துக்காரர் மரபு என்று ஒன்று நெடுங்காலமாக நம் முறையை ஏற்க மறுக்கிறது. அவர்கள் பீங்கானை எண்ணுவதில்லை, தென்னையை எண்ணுகிறார்கள். 110 கே.வி. பாதைக்கு 22 மீட்டர் அகலம் விட வேண்டும். 800க்கு 69 மீட்டர். அதற்குள் தென்னை கூடாது. டவர் நடும் அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து கடன் வாங்கியது என்பதையும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தந்தி போய்விட்டது, சட்டம் தங்கிவிட்டது. அவர்களுடைய காலக் கணிப்பு முறை நம்முடையதைவிடத் துல்லியமானது என்பதை வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன். நஷ்டஈட்டு வழக்கில் நிலத்துக்காரரே வாய்தாவுக்குப் போனால் டவர் அண்மைக் காலத்தது. பேரன் போனால் இடைக்காலம். எந்தக் கோர்ட்டில் போட்ட வழக்கு என்பதே குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், ஐயமே வேண்டாம், பைக்காரா.